இறுகிக்கொண்ட பிடிஓ ஷாஃப்டை டிராக்டரிலிருந்து கழற்றுவது எப்படி?

டிராக்டர் இன்ஜினின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் சுழல் ஷாஃப்ட்தான் பிடிஓ ஷாஃப்ட். அதன் பூட்டும் பின்னை அழுத்தி இழுக்கிறீர்கள், வரவில்லை. காலை உதைத்து இழுத்தாலும் வரவில்லை. அடுத்து கை தானாகச் சுத்தியலைத் தேடும். அதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். "ஷாஃப்ட் சிக்கிக்கொண்டது" என்று நாம் மொத்தமாகச் சொன்னாலும், சிக்கியிருப்பது மூன்றில் ஒரு இடத்தில்தான்: பூட்டும் பின், பல் வெட்டிய தண்டு, அல்லது ஒன்றுக்குள் ஒன்று நீளும் குழாய். எது என்று தெரியாமல் அடித்தால் நன்றாக இருக்கும் பாகம்தான் முதலில் உடையும்.

முதலில் பாதுகாப்பு. பிடிஓ லிவரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். கருவியைத் தரையில் முழுமையாக இறக்குங்கள். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிடிஓ தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று சுற்றும். சட்டையின் நுனி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இருக்காது. சாவி வண்டியில் இருக்கும்போது ஷாஃப்டில் கை வைக்கவே வேண்டாம்.

எங்கே சிக்கியிருக்கிறது?

டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் நீளவாக்கில் பற்கள் இருக்கும். 540 சுற்று வண்டிகளில் பெரும்பாலும் 6 பல், 35 மில்லிமீட்டர் விட்டம். அந்தப் பற்களின் குறுக்கே வளையம் போல ஒரு பள்ளம் ஓடும். ஷாஃப்டின் முனையில் உள்ள, இரண்டு காது கொண்ட கவட்டை போன்ற யோக் பற்களின் மேல் ஏறி உட்கார்ந்ததும், பின் அந்தப் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும்.

பின்னை அழுத்திப் பாருங்கள். முழுதாக உள்ளே போய், விட்டதும் டக்கென்று திரும்பி வர வேண்டும். பாதியில் நின்றாலோ, போன இடத்திலேயே தங்கிவிட்டாலோ சிக்கல் பின்னில்தான். மண்ணும் காய்ந்த கிரீஸும் ஸ்பிரிங்கைச் சுற்றிக் கல்லாகியிருக்கும். அப்படியானால் இழுப்பதை நிறுத்துங்கள். துரு இளக்கும் ஸ்ப்ரேயைப் பின்னைச் சுற்றி அடித்து, பின்னை இருபது முப்பது தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள். அழுக்கு கறுப்பாகக் கசிந்து வரும். துடைத்துவிட்டு மறுபடி ஸ்ப்ரே அடியுங்கள். பின்னுக்குப் பதில் இழுக்கும் காலர் இருந்தாலும் இதே வேலைதான். சில ஷாஃப்டுகளில் பின்னே இருக்காது, குறுக்கே ஒரு போல்ட் போகும். அந்தப் போல்ட்டை முழுதாக உருவி எடுக்க வேண்டும், தளர்த்தினால் மட்டும் போதாது.

பின் நன்றாக வேலை செய்கிறதா? சரி, அடுத்து குழாய். யோக் தண்டைவிட்டு வெளியே வர, ஷாஃப்ட் சில அங்குலம் சுருங்கியாக வேண்டும். இரண்டு பாதிக் குழாய்களும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் யோக் நகர இடமே கிடைக்காது. அப்போது டிராக்டர் பக்கம் எவ்வளவு அடித்தாலும் பயனில்லை, எண்ணெய் போக வேண்டியது குழாய்களின் இணைப்பில். இதைக் கவனிக்காமல் ஒரு மதியம் முழுக்க யோக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் யோக் எப்போதோ இளகியிருந்தது.

பாரத்தை எடுங்கள்

பின்னும் குழாயும் சரியாக இருந்தால் மிச்சம் பற்கள்தான். துருவைக் குறை சொல்வதற்கு முன் முறுக்கைப் பாருங்கள். பாரத்தோடு ஓடி நின்ற ஷாஃப்டில், யோக்கின் பற்கள் தண்டின் பற்களை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டே நிற்கும். ஷாஃப்டைக் கையால் பிடித்து, ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுத் திருப்புங்கள். கைக்கு அசையாவிட்டால், யோக்கின் இரண்டு காதுகளுக்கு நடுவே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்பித் திருப்புங்கள். திருப்பியதும் கட்டையை மறக்காமல் எடுத்துவிடுங்கள். கருவி மேடு பள்ளத்தில் சாய்ந்து நிற்பதும் யோக்கைக் கோணலாக இறுக்கும். ஷாஃப்ட் முடிந்தவரை நேர்கோட்டில் வரும்படி சமதளத்தில் கருவியை நிறுத்துங்கள். பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே ஷாஃப்ட் கையோடு வந்துவிடும்.

எண்ணெய், பொறுமை, அப்புறம்தான் சுத்தியல்

வரவில்லையென்றால் தண்டும் யோக்கும் சேரும் இடுக்கைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். மண் அடைத்திருந்தால் எண்ணெய் உள்ளே இறங்காது. பின்பக்கமும் முன்பக்கமும் தாராளமாக அடித்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். முடிந்தால் இரவு முழுக்க ஊற விடுங்கள். செம்பழுப்பு நிறத்தில் எண்ணெய் கோடாக வழிந்தால், உள்ளே துரு கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது தட்டலாம். செம்பு அல்லது பித்தளைச் சுத்தியல் நல்லது. இல்லாவிட்டால் மரக்கட்டையை வைத்து அதன்மேல் இரும்புச் சுத்தியலால் தட்டுங்கள். அடி விழ வேண்டியது யோக்கின் தடித்த கழுத்துப் பகுதியில். யோக்குகளை இணைக்கும் சிலுவை வடிவக் கிராஸின் பேரிங் கப் மீதும் காதுகள் மீதும் படக்கூடாது. கால் சுற்று திருப்பித் தட்டுங்கள், மறுபடி கால் சுற்று. பலமாக ஒரே அடி அடிப்பதைவிட, சுற்றிச் சுற்றிச் சின்னச் சின்னதாகத் தட்டுவதுதான் துருவின் பிடியை உடைக்கும். இடையிடையே பின்னை அழுத்தி, யோக்கை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு நூலளவு நகர்ந்தாலும் போதும். வெளியே இழுக்க அவசரப்படாமல் திரும்ப உள்ளே தள்ளி, எண்ணெய் விட்டு, மறுபடி இழுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் இரண்டு நெம்புகோல்களை எடுத்து, யோக்கின் இரு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அளவு அழுத்தத்தில் நெம்புங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் யோக் சாய்ந்து இன்னும் இறுகும். நெம்புகோலின் நுனி தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீலைத் தொடவே கூடாது. சீல் கிழிந்தால் கியர் ஆயில் ஒழுக ஆரம்பித்துவிடும், சின்ன வேலை பெரிய செலவாகும்.

இடம் போதாமல் தவித்தால் இன்னொரு வழி உண்டு. குழாய்கள் தாராளமாக நகர்கின்றன என்றால், பாதுகாப்பு உறையின் சங்கிலிகளைக் கழற்றிவிட்டு, கருவியை இணைப்புகளிலிருந்து விடுவித்து, டிராக்டரை மெதுவாகச் சில அடி முன்னே நகர்த்துங்கள். பிடிஓ நியூட்ரலிலேயே இருக்க வேண்டும், அருகில் யாரும் நிற்கக்கூடாது. ஷாஃப்ட் இரண்டு பாதியாகப் பிரியும். மறுபடி இன்ஜினை நிறுத்திவிட்டு டிராக்டர் பக்கப் பாதியோடு நிதானமாக வேலை பார்க்கலாம். பிரிப்பதற்கு முன் இரண்டு பாதியிலும் சாக்பீஸால் ஒரே கோடு இழுத்துக்கொள்ளுங்கள். திரும்பச் சேர்க்கும்போது உள்பக்க யோக்குகள் இரண்டும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். மாறிவிட்டால் ஷாஃப்ட் உதறும், கிராஸ் சீக்கிரம் போய்விடும்.

மூன்று காரியங்களைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஷாஃப்டைச் சங்கிலியில் கட்டி இன்னொரு வண்டியால் இழுக்காதீர்கள், அறுந்து வரும் சங்கிலி ஆளை அடிக்கும். கேஸ் வெல்டிங் சுடரால் சூடாக்காதீர்கள், நீங்களே ஊற்றிய எண்ணெய் தீப்பிடிக்கும், சீலும் உருகும். தண்டின் முனையில் அடிக்காதீர்கள், முனை விரிந்துவிட்டால் யோக் எந்தக் காலத்திலும் வராது.

கழன்ற பிறகு

தண்டின் பற்களைக் கம்பி பிரஷால் தேய்த்து, விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் சின்ன அரத்தால் லேசாக ராவிவிடுங்கள். பற்கள் நேராக இல்லாமல் முறுக்கிக்கொண்டு தெரிந்தால் அது துருப்பிடித்த கதை அல்ல, அளவுக்கு மீறிய பாரம் விழுந்திருக்கிறது. அந்தத் தண்டை மெக்கானிக்கிடம் காட்டாமல் திரும்ப மாட்டாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் பற்களில் மெல்லியதாகக் கிரீஸ் தடவி யோக்கை ஏற்றுங்கள். பின் பள்ளத்தில் விழுந்த சத்தம் கேட்ட பிறகும் யோக்கை ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. உறையையும் சங்கிலியையும் திரும்ப மாட்டிய பிறகுதான் சாவியைப் பையிலிருந்து எடுக்க வேண்டும்.