கல்லமேட்டுக் காலெலும்பை ஊருக்குள் நிறுத்துவது எப்படி

பூங்காவுக்கு டைனோசர் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம், பல்லைக் காட்டி நிற்கும் பொம்மை வேண்டாம், கல்லமேட்டு டைனோசரின் காலெலும்பு மாதிரியை வையுங்கள் என்கிறேன். கும்பகோணத்தில் ஃபைபர் சிலை செய்பவன் நான். பொம்மைக்குத்தான் கூலி அதிகம். ஆனாலும் எலும்பையே சொல்வேன், அது நம் பக்கத்து மண்ணுடையது.

திருமானூர்ப் பாலத்தில் கொள்ளிடத்தைக் கடந்தால் அரியலூர் மாவட்டம். அங்கே கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். வயது சுமார் 7 கோடி ஆண்டு. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர்; தென் அமெரிக்காவின் மாபெரும் டைனோசரான அர்ஜென்டினோசாரஸுக்கே அதையொட்டிய இன்னொரு கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர்தான். மூல எலும்புகள் பொடிந்துபோய்விட்டன. படங்கள்தான் மிச்சம்.

ஆகவே அறிவிப்புப் பலகையின் முதல் வரியிலேயே, ‘படங்களைப் பார்த்துச் செய்த மாதிரி; மூல எலும்பு இன்று இல்லை’ என்று எழுதுங்கள். முதலில் ஊனுண்ணி என்று கருதி, பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தியதையும், உடல் அளவு பற்றி இன்னும் கருத்து வேறுபாடு இருப்பதையும் சேருங்கள். பிள்ளைகளுக்கு அதெல்லாம் புரியும். எழுத்து பெரிதாக, அவர்கள் கண் உயரத்தில் இருக்கட்டும்.

எலும்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல் நட்டமாக நிறுத்துங்கள். பக்கத்தில் நின்று உயரம் பார்க்க வேண்டும், தடவிப் பார்க்க வேண்டும். பீடம் தாழ்வாக இருக்கட்டும். அதன் மேற்புறத்தைச் சரிவாகப் பூசினால் ஏறி நிற்க மாட்டார்கள். வெள்ளை அடிக்காதீர்கள். புதைபடிவம் கல்லாகிப்போன எலும்பு. மண்ணின் நிறம்தான் பொருந்தும். பளபளப்பு இல்லாத பூச்சு கொடுங்கள்.

நம் பகுதியில் சிக்கல் அஸ்திவாரம்தான். வயல்வெளிக் களிமண் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது ஊர்க் கொத்தனாருக்குத் தெரியும். அதற்கும் கீழே தோண்டி, மணல் நிரப்பிக் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். ஃபைபர் உள்ளே வெற்றிடம், எடை குறைவு. கஜா போல ஒரு புயல் வந்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். எலும்பின் உள்ளே மேல்வரை ஜி.ஐ. குழாயை விட்டு, அடியில் இரும்புத் தகட்டோடு வெல்டிங் செய்து, கான்கிரீட்டில் நான்கு போல்ட் இறக்குங்கள். தண்ணீர் வடிய அடியில் ஒரு துளை அவசியம்.

ஆயுதபூசைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள், மாலை போடுவார்கள். தடுக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போகும். விளக்கு, சூடம் மட்டும் அருகில் ஏற்ற விடாதீர்கள், ஃபைபர் பற்றிக்கொள்ளும்.

ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் போல்ட்டுகளை முறுக்கிப் பார்த்து, துருப்பிடித்ததை மாற்றி, வடிகால் துளையில் குளவி கட்டிய மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள்.