ஆடியதை எழுது, எழுதியதை ஆடு: பல மொழிப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் வாசிப்புப் பயிற்சி

வீட்டில் வெவ்வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு வாசிப்பு கற்றுத்தர நடனம் நன்றாகக் கைகொடுக்கும். ஆடிவிட்டு நிறுத்தினால் உடற்பயிற்சிதான் மிஞ்சும். ஆடியதை எழுத வேண்டும். அதைப் பார்க்காத ஒருவர் படித்து ஆட வேண்டும்.

முதலில் எட்டு வினைச்சொற்களை அட்டையில் எழுதுங்கள்: குதி, சுழல், நில், தவழ் போல. எழுத்து 5 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். படம் வேண்டாம், படம் இருந்தால் எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. பின்பக்கத்தில் பிள்ளை தன் வீட்டு மொழியில் அதே சொல்லை எழுதட்டும், தெரியாவிட்டால் வீட்டில் கேட்டு வரட்டும். ‘குதி’, ‘குனி’ இரண்டையும் முதல் நாளே சேர்க்காதீர்கள். முதலெழுத்தைப் பார்த்து ஊகிப்பார்கள். நான்காம் நாள் வகுப்பில் வேண்டுமென்றே சேருங்கள், யார் முழுச்சொல்லையும் படிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அட்டையைக் காட்டிச் செய்துகாட்டுங்கள். பிறகு அட்டையை மட்டும் காட்டுங்கள். இங்கேதான் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்வது தொடங்கும். இணைக்கு ஓர் அட்டை என வேறுவேறாகக் கொடுத்தால் அது நிற்கும். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

அடுத்து, வேறு நிறத்தில் அடைச்சொற்கள்: மெல்ல, சட்டென்று, அழுத்தி, லேசாக. அசைவின் தன்மையை இடம், எடை, நேரம், ஓட்டம் என்று நடன ஆய்வாளர் ருடால்ஃப் லாபான் பிரித்தார்; தொடக்கத்தில் நேரமும் எடையும் போதும். ‘மெல்ல’ என்றால் பிள்ளைகள் லேசாகவும் ஆடுவார்கள். ‘அழுத்தி, மெல்லத் தவழ்’ என்று கொடுத்தால் இரண்டும் வேறு என்பது உடம்புக்கே புரியும்.

நான்கு பேர் கொண்ட குழு நான்கு வாக்கியங்களை அமைத்து ஆடட்டும். பிறகு தாளில் குறிக்கட்டும். இதற்கு லாபான் 1928-இல் வெளியிட்ட நடனக் குறியீட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்: அது கீழிருந்து மேலே படிக்கப்படும், குறியைக் கறுப்பாக நிரப்பினால் அசைவு தாழ்நிலை, நடுவில் புள்ளி வைத்தால் இடைநிலை, கோடிட்டால் உயர்நிலை. இடமிருந்து வலமாக எழுதுபவருக்கும் வலமிருந்து இடமாக எழுதுபவருக்கும் இது ஒரே அளவு புதிது என்பதுதான் இதன் அழகு. முழு முறையையும் இழுத்து வராதீர்கள், பாடநேரம் அதிலேயே போய்விடும். ஒவ்வொரு குறிக்குப் பக்கத்திலும் அதற்குரிய வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள்.

தாள்களை மாற்றிக்கொடுங்கள். எழுதிய குழு வாய் திறக்கக் கூடாது. படித்தவர்கள் வேறு மாதிரி ஆடினால், எழுத்தில் விடுபட்டது என்ன என்று தேடவேண்டும். பெரும்பாலும் திசையோ எண்ணிக்கையோ இருக்காது. திருத்தி மறுபடி கொடுக்கட்டும். அவசரத்தில் எதை வேண்டுமானாலும் குறைக்கலாம், இந்தப் படியை மட்டும் குறைக்காதீர்கள்.

பண்பாட்டு ஆட்டங்களைக் கொண்டுவரும்போது, “உங்க ஊர் ஆட்டத்தை ஆடிக்காட்டு” என்று பிள்ளையைக் கேட்காதீர்கள்; அதற்குத் தெரியாமலிருக்கலாம், கூச்சமும் வரும். குடும்பத்தாரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: யார் ஆடுவது, எப்போது, வகுப்பில் கற்பிக்கலாமா? சில ஆட்டங்கள் சடங்குக்கு மட்டும் உரியவை. யாருடையது என்பதையும் சொல்லுங்கள். ‘கா மாத்தே’ என்ற ஹாக்கா (மாவோரி மக்களின் ஆட்டம்) அவர்களில் ‘ஙாத்தி தோவா’ என்ற குலத்தாருக்கு உரியது என்பதை நியூசிலாந்து 2014-இல் சட்டமாகவே இயற்றியது. விழாநாளில் ஓர் ஆட்டம், அத்தோடு சரி என்பது பல்பண்பாட்டுக் கல்வியில் அமெரிக்கக் கல்வியாளர் ஜேம்ஸ் பேங்க்ஸ் வகுத்த நான்கு நிலைகளில் முதல்படி மட்டுமே.

ஒரு வாரம் கழித்துச் சோதியுங்கள், ஆனால் புது அட்டையில் எழுதி. பழைய அட்டையின் கறையையும் மடிப்பையும் பார்த்தே சொல்லைச் சொல்லும் பிள்ளைகள் உண்டு.