ஷாட்கன் தோட்டா சரியாக வெடிக்காவிட்டால் என்ன செய்வது? புதிதாகப் பழகுவோருக்கான செய்முறை

சிங்கப்பூரின் பழைய சுவா சூ காங் சாலைப் பக்கம் டிராப், ஸ்கீட் (பறக்கும் களிமண் தட்டுகளை ஷாட்கனால் சுடும் விளையாட்டுகள்) பழக வருகிற புதியவர்களின் கவனமெல்லாம் துப்பாக்கி மேல்தான் இருக்கும். தோட்டாவை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. பெட்டியைத் திறந்து, உள்ளே போட்டு, தட்டு பறந்ததும் சுட வேண்டியதுதான் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே நடக்கும். ஆனால் தோட்டாவும் இயந்திரம் செய்கிற பொருள்தான். எப்போதாவது ஒன்று பழுதாகவே பெட்டிக்குள் வந்துவிடும். அது கையில் சிக்கும்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் தோட்டாவின் உள்ளமைப்பு. 12 கேஜ் தோட்டாவின் அடியில் உலோக மூடி, அதன் நடுவில் பிரைமர், அதாவது அடிபட்டதும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி. அதற்கு மேல் வெடிமருந்து, மருந்துக்கு மேல் வாட் எனப்படும் பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் ஈயக் குண்டுகள். உச்சியில் பிளாஸ்டிக் குழாயை மடித்து மூடியிருப்பார்கள். ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் குண்டுகளின் எடை 24 கிராம் வரை இருக்கலாம். மருந்தோ ஒன்றிரண்டு கிராம்தான். தொழிற்சாலையில் அந்தச் சிறு அளவு விழாமல் போனாலோ, குறைவாக விழுந்தாலோ, வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. இதனால்தான் கண்ணால் சோதிப்பது மட்டும் போதாது, காதும் வேண்டும்.

படி 1: போடுவதற்கு முன் பாருங்கள்

25 தோட்டா கொண்ட பெட்டியைப் பிரித்து வெஸ்ட் பைக்குள் போடும்போதே ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். பிரைமர் உலோக மூடியோடு சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ இருக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருந்தால் அந்தத் தோட்டா வேண்டாம். துப்பாக்கியை மூடும்போதே அது வெடித்துவிடலாம். மடிப்பில் ஓட்டை, குண்டு உதிர்தல், குழாயில் விரிசல், மூடியில் நசுங்கல், பச்சைப் பூச்சு, இவற்றில் எது இருந்தாலும் தனியே எடுத்து வையுங்கள். உள்ளே முழுதாக இறங்காத தோட்டாவை அழுத்தித் தள்ளவே வேண்டாம்.

படி 2: “டிக்” என்று மட்டும் கேட்டால்

விசையை அழுத்தினீர்கள், வெடிக்கவில்லை. துப்பாக்கி வாய் சுடும் திசையிலேயே இருக்கட்டும். திறக்காதீர்கள். திரும்பி நண்பரைப் பார்க்காதீர்கள், புதியவர்கள் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் துப்பாக்கியைத் திறந்திருந்தால், அடைத்துப் பிடிக்க எதுவுமில்லாமல் அது உங்கள் முகத்துக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். 30 விநாடி காத்திருங்கள். உங்கள் கிளப் அதைவிட அதிக நேரம் சொன்னால் அதுதான் விதி. சுடுமிடத்தின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் ரேஞ்ச் ஆபிசரைக் குரல் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

போட்டியில் இன்னொரு காரணமும் உண்டு. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிப்படி நடுவர் வந்து பார்க்கும்வரை துப்பாக்கியைத் திறக்கவோ சேஃப்டியைத் தொடவோ கூடாது. தொட்டால் அதைப் பழுது என்று ஏற்கமாட்டார்கள், அந்தத் தட்டு போனது போனதுதான்.

திறந்தபின் பிரைமரைப் பாருங்கள். ஆழமான குழி விழுந்திருந்தால் பெரும்பாலும் குறை தோட்டாவில்தான். குழி மிக மெலிதாக இருந்தால் துப்பாக்கியின் ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்தும் ஊசி), ஸ்பிரிங் பக்கம் சந்தேகப்படலாம். இரட்டைக் குழல் துப்பாக்கியில் எப்போதும் ஒரே குழல்தான் தகராறு செய்கிறது என்றால், தோட்டாவைக் குறை சொல்லாமல் ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) காட்டுங்கள். வெடிக்காத தோட்டாவை மறுபடி போட்டுச் சுட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

படி 3: சத்தம் சப்பென்று இருந்தால்

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வெடிக்காத தோட்டா உங்களைத் தானாகவே நிறுத்திவிடும். பாதி வெடித்த தோட்டா நிறுத்தாது. “புஸ்” என்ற சத்தம், தோளில் உதைப்பே இல்லை, சில சமயம் எரியாத மருந்துத் துகள் சிதறும். மருந்து குறைவாக இருந்ததால் வாட் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும், அல்லது வெடித்துப் பிளக்கும். உங்கள் முன்கை பிடித்திருப்பது அந்தக் குழலைத்தான்.

ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல் உள்ள துப்பாக்கியில் இரண்டாவது குண்டு வேறு குழல் வழியே போய்விடும். தட்டும் உடையும், நீங்களும் மறந்துவிடுவீர்கள். அடைப்பு முதல் குழலில் அப்படியே இருக்கும், அடுத்த தட்டுக்காக. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ இன்னும் மோசம். பலவீனமான தோட்டாவால் அது தானாக அடுத்ததை ஏற்றாது. ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்துக் கைப்பிடியை இழுப்பீர்கள். புதுத் தோட்டா அடைபட்ட குழலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என்எஸ் (தேசிய சேவை) முடித்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ராணுவத்தில் துப்பாக்கி நின்றால் ஐஏ டிரில் (உடனடி நடவடிக்கைப் பயிற்சி): சட்டென்று சரிசெய்து தொடர்ந்து சுடு. சண்டைக்கு அது சரி. தட்டு சுடும் இடத்தில் அந்தக் கைப்பழக்கத்தைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். இங்கே அவசரமே கிடையாது.

அதனால் சத்தம் மாறினால் நிறுத்துங்கள். 30 விநாடி. பிறகு திறந்து எல்லாத் தோட்டாவையும் வெளியே எடுங்கள். இரட்டைக் குழலில் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். செமி ஆட்டோவில் ரேஞ்ச் ஆபிசர் முன்னிலையில் காலி செய்து, குழலைக் கழற்றிப் பாருங்கள். மாட்டியிருக்கும் துப்பாக்கியின் வாய்ப்பக்கம் கண்ணை வைக்காதீர்கள். வெளியே வந்த காலித் தோட்டாவையும் கவனியுங்கள். உலோக மூடி மட்டும் வந்து, பிளாஸ்டிக் குழாய் உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. அடைப்பு இருந்தால் கம்பி விட்டுத் தள்ளும் வேலையை ஆர்மரரிடம் விடுங்கள். இன்னொரு தோட்டாவால் “ஊதித் தள்ளலாம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

படி 4: பழுதான தோட்டாவை ஒப்படையுங்கள்

குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, பிரித்துப் பார்க்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோவது அறவே கூடாது. இங்கே சட்டவிரோதமாகத் தோட்டா வைத்திருந்தால் ஆயுதக் குற்றச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. வெடிக்காத தோட்டாவும் தோட்டாதான். கிளப் ஊழியரிடம் கொடுத்து, எண்ணிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். கிளம்புமுன் வெஸ்ட்டின் எல்லாப் பைகளையும் கவிழ்த்துப் பாருங்கள், முக்கியமாக அதே பையோடு சாங்கி விமான நிலையம் போகிறவர்கள்.

படி 5: லாட் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள்

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலோ 250 தோட்டா வரும் அட்டைப்பெட்டியிலோ லாட் எண் (ஒரே தொகுதியாகத் தயாரித்தவற்றுக்கான எண்) இருக்கும். போன் கேமராவில் அதையும், பிரைமர் குழியையும், மூடியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன துப்பாக்கி, எந்தக் குழல், எப்படிச் சத்தம் வந்தது என்று இரண்டு வரி எழுதி, வாங்கிய இடத்துக்குக் கிளப் மூலமாக அனுப்புங்கள். ஒரே லாட்டில் இன்னொன்றும் சப்பென்று போனால் அந்த லாட்டை முழுவதும் ஒதுக்கி வையுங்கள். பக்கத்து ஸ்டேஷனில் நிற்பவரும் அதே லாட்டைச் சுட்டுக்கொண்டிருந்தால் உடனே அவரிடம் சொல்லுங்கள்.