கர்ட் ஆங்கிள் மேட்செல்லாம் எந்த வரிசையில பாக்கணும்

அமெரிக்க மல்யுத்த வீரர் கர்ட் ஆங்கிள் பேரை யூடியூப்ல அடிச்ச உடனே வர்றது அவரு லாரில வந்து எதிரிங்க மேல பால் பீச்சி அடிச்ச பால் லாரி க்ளிப்பு, ஆங்கிள் லாக்னு (எதிராளியோட கணுக்காலை முறுக்குற அவரோட புடி) ஒரு தொகுப்பு, கூட்டம் "யூ சக்"னு கிண்டலா கத்துறது, அவ்ளோதான். ட்ரம்ப் கார்டு வெச்சு வெளையாடி, அண்டர்டேக்கருக்கு ஏழு உயிருன்னு நம்பி வளந்த நம்ம மெட்ராஸ் பசங்க கூட அதோட நிறுத்திக்கிறாங்க. ஆனா அந்த மனுஷன் நிஜமாவே ஒலிம்பிக்ஸ் தங்கம் ஜெயிச்சவரு, அதை மொதல்ல பாத்துட்டு வந்தீங்கன்னா மத்ததெல்லாம் வேற மாதிரி தெரியும்.

அதனால மொதல்ல 1996 அட்லாண்டா, 100 கிலோ ஃப்ரீஸ்டைல் ஃபைனல். நம்ம லியாண்டர் பயஸ் வெண்கலம் வாங்குன அதே ஒலிம்பிக்ஸ்தான். எதிர்ல ஈரானோட அப்பாஸ் ஜதீதி. இங்க கயிறும் கெடையாது, மூணு எண்ணுறதும் கெடையாது, ரெண்டு தோளும் மேட்ல அமுங்குனா கதை முடிஞ்சுது. அந்த பயத்துலதான் ரெண்டு பேரும் குனிஞ்சு தலையோட தலை முட்டி, மணிக்கட்டை புடிச்சு இழுத்துக்கிட்டே நிப்பாங்க, ஒன்னுமே நடக்காத மாதிரி இருக்கும், தயவுசெஞ்சு ஓட்டி விட்டுடாதீங்க. முகத்தை பாக்காம இடுப்பை பாருங்க, யாரு இடுப்பு கீழ இருக்கோ அவன்தான் அடுத்து காலுக்கு பாயப்போறான். எக்ஸ்ட்ரா டைம் ஓடியும் 1-1. கடைசில நடுவர்கள் முடிவுதான், ரெஃப்ரி ஆங்கிள் கையை தூக்குனதும் அவரு அப்படியே முட்டி போட்டு அழுவாரு பாருங்க, எத்தனை தடவ பாத்தாலும் எனக்கு கண்ணு கலங்கிடும்.

அந்த அழுகை ஏன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். பிட்ஸ்பர்க்காரரு, 16 வயசுல அப்பா வேலை எடத்துல விபத்துல போயிட்டாரு. க்ளாரியன் யுனிவர்சிட்டில படிச்சு 1990லயும் 1992லயும் காலேஜ் நேஷனல் சாம்பியன், ரெண்டாவது தடவ சில்வெஸ்டர் டெர்கேன்னு தன்னைவிட ரொம்ப கனமான ஆளை ஜெயிச்சாரு. 1995ல உலக சாம்பியன். 1996 ஜனவரில அவரோட கோச் டேவ் ஷுல்ட்ஸை சுட்டுக் கொன்னுட்டாங்க, அதுக்கப்புறம் ஒலிம்பிக்ஸுக்கு சில மாசம் முன்னாடி கழுத்துல எலும்பு முறிவு வேற. அந்த கழுத்தோடதான் அந்த ஃபைனல் ஆடுனாரு.

இப்ப டிவி ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூடபிள்யூஎஃப்க்கு (பின்னாடி பேரு மாறி டபிள்யூடபிள்யூஇ) வாங்க. 1998ல கையெழுத்து, 1999 நவம்பர் சர்வைவர் சீரிஸ்ல டிவி அறிமுகம், 2000 அக்டோபர்ல தி ராக்கை (ட்வைன் ஜான்சன்) ஜெயிச்சு சாம்பியன். ஒரு வருஷத்துக்குள்ள இவ்ளோ சீக்கிரம் ப்ரோ ஸ்டைல், அதாவது யாரு ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணி ஆடுற டிவி மல்யுத்தம், புடிச்சவங்க ரொம்ப கம்மி. மெடலை கழுத்துல மாட்டிக்கிட்டு தற்பெருமை பேசுற அந்த கேரக்டர் காமெடியும் செமயா இருக்கும், பால் லாரி க்ளிப்பை (2001 ஆகஸ்ட்) இப்ப பாருங்க.

அடுத்து 2003 ரெஸில்மேனியா 19 (இவங்களோட வருஷாந்திர பெரிய ஷோ), ப்ராக் லெஸ்னர் கூட. லெஸ்னரும் 2000ல காலேஜ் ஹெவிவெயிட் சாம்பியன், அதனால ஆரம்பத்துல ரெண்டு பேரும் மேட்லயே பொரளுவாங்க, அட்லாண்டா பாத்த கண்ணுக்கு அந்த புடியெல்லாம் பளிச்சுனு தெரியும். கடைசில லெஸ்னர் மேல இருந்து பல்டி அடிச்சு தலை குத்தி விழுவாரு, அது நிஜ அடி. ஆங்கிளும் மோசமான கழுத்தோடதான் எறங்குனாரு, மேட்ச் முடிஞ்சு ஆபரேஷன். டூப்புன்னு சொல்ற சித்தப்பா யாராவது வீட்ல இருந்தா பக்கத்துல உக்கார வெச்சு காட்டுங்க. அப்புறம் தம்பிங்களா, இதை பாத்துட்டு மெரினா மணல்ல சப்ளெக்ஸ் (ஆளை தூக்கி பின்னாடி சாய்ச்சு போடுறது) போடாதீங்க, மணல் மெத்து மெத்துன்னு இருந்தாலும் கழுத்து மடங்கி விழுந்தா காப்பாத்தாது. நெஜமா கத்துக்கணும்னா மேட் போட்டு கோச் நின்னு சொல்லித் தர்ற எடத்துல கால் புடிக்கிறதுல இருந்து ஆரம்பிங்க.

2005 ரெஸில்மேனியா 21ல ஷான் மைக்கேல்ஸ் கூட ஆடுன மேட்ச் என்னோட ஃபேவரிட், ஆங்கிள் லாக்ல மைக்கேல்ஸ் எவ்ளோ நேரம் தாங்குறாருன்னு பாருங்க, தோத்துட்டேன்னு அவரு கையால தட்டும்போதுதான் நமக்கே மூச்சு வரும்.

2006ல டிஎன்ஏங்கிற போட்டி ரெஸ்லிங் கம்பெனிக்கு போயிட்டாரு. வலி மாத்திரைக்கு அடிமையாகி ரொம்ப கஷ்டப்பட்டு மீண்டு வந்தாரு, 2017ல ஹால் ஆஃப் ஃபேம். 2019 ரெஸில்மேனியா 35ல பேரன் கார்பின்கிட்ட தோத்ததுதான் டபிள்யூடபிள்யூஇல கடைசி மேட்ச், ஆனா அதோட முடிச்சுக்காதீங்க, ஒடம்பு ஒத்துழைக்கல, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். அதுக்கு பதிலா 2006 நவம்பர்ல டிஎன்ஏவோட ஜெனசிஸ் ஷோல சமோவா ஜோவோட தோல்வியே இல்லாத ஓட்டத்தை ஒடச்சாரே, அந்த மேட்சை கடைசிக்கு எடுத்து வெச்சுக்குங்க.