பழைய இழைப்பு பிளேடில் பேனா கடையும் உளிகள் செய்வது எப்படி?

மரப்பேனா செய்யத் தொடங்குபவர்களுக்கு மரத்தைச் சுழற்றும் லேத் இயந்திரத்துக்கு அடுத்தபடியாகச் செலவு வைப்பவை உளிகள்தான். பேனாவுக்கான மரத்துண்டோ பெரும்பாலும் 19 மி.மீ. சதுரம், அதைக் கடையக் கனத்த உளி தேவையில்லை. மரப்பட்டறையில் தேய்ந்து ஒதுக்கப்பட்ட இழைப்பு இயந்திர பிளேடு ஒன்று கிடைத்தால், சுரண்டும் உளி ஒன்றையும் துண்டிக்கும் உளி ஒன்றையும் அதிலிருந்தே எடுத்துவிடலாம்.

எந்த பிளேடு என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். பழைய அரம் எளிதில் கிடைக்கும் என்றாலும் அது கண்ணாடி போல நொறுங்கும் தன்மை உடையது. சூடேற்றி அதன் விறைப்பைக் குறைக்காமல் உளியாக்கினால், மரம் சுழலும்போது ஒடிந்து முகத்தை நோக்கித் தெறிக்கக்கூடும். ஆரம்பநிலையில் அரத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. கார்பைடு பல் வைத்த வட்டரம்பத்தில் பல்தான் கடினமானது. உடல் மென்மையானது என்பதால் அதில் கூர் நிற்காது. சூட்டில் எளிதில் கடினம் இழக்காத ஹைஸ்பீடு ஸ்டீல் என்னும் எஃகால் ஆன, சுமார் 3 மி.மீ. தடிமனும் 30 மி.மீ. அகலமும் உள்ள, நடுவில் துளையற்ற இழைப்பு பிளேடே ஏற்றது.

அது ஹைஸ்பீடு ஸ்டீல்தானா என்பதை, சாணையில் பிடிக்கும்போது பறக்கும் தீப்பொறி காட்டிக்கொடுக்கும். சாதாரணக் கார்பன் எஃகு வெளிர்மஞ்சள் நிறத்தில், நுனியில் பூப்பூவாய் வெடித்துச் சிதறும் பொறிகளை உதிர்க்கும். ஹைஸ்பீடு ஸ்டீலின் பொறிகள் மங்கிய செம்மஞ்சளாக, ஏறக்குறைய வெடிப்பில்லாமல் கோடுகோடாக விழும். கார்பன் எஃகு என்று தெரிந்தால் தீட்டும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள். ஹைஸ்பீடு ஸ்டீல் அவ்வளவு எளிதில் கடினம் இழக்காது. ஆனால் கொதிசூட்டில் தண்ணீரில் முக்கினால் நுண்விரிசல் விடக்கூடும் என்பதால் அதைத் தானாக ஆறவிடுவதே நல்லது.

பிளேடை வைஸில் இறுக்கி, முகக்கவசம் அணிந்து, ஆங்கிள் கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீல் பொருத்தி, 150 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். அத்துண்டை நீளவாக்கில் 12 மி.மீ., 17 மி.மீ. அகலமுள்ள இரண்டு பட்டைகளாகப் பிளந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பின்பக்கம் 50 மி.மீ. நீளத்துக்கு, 8 மி.மீ. அகலத்தில், கைப்பிடிக்குள் செருகும் காம்பு தீட்ட வேண்டும். காம்பு உடலோடு சேரும் மூலையைச் செங்கோணமாக விட்டால் விசை முழுவதும் அங்கேயே குவிந்து விரிசல் தொடங்கும். ஆகவே அந்த மூலையை வளைவாகவே விடுங்கள்.

அடுத்து முனை. 12 மி.மீ. பட்டை படுக்கைவாக்கில் பயன்படப்போகும் சுரண்டும் உளி. அதன் முனையைச் சற்றே வளைவாக்கி, அடிப்பக்கம் உள்வாங்குமாறு 70 முதல் 75 பாகை வரை தீட்டுங்கள். தீட்டி முடித்ததும் மேல்விளிம்பை விரலால் வெளிநோக்கி மெல்லத் தடவினால் நுண்ணிய பிசிறு ஒன்று தட்டுப்படும். அதை எடுத்துவிடாதீர்கள், மரத்தை வெட்டுவது அதுதான். துண்டிக்கும் உளியாகும் 17 மி.மீ. பட்டையை, லேத்தில் உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டில் குத்துவாக்கில் நிறுத்திப் பயன்படுத்துவோம்; பிளேடின் 3 மி.மீ. தடிமனே வெட்டின் அகலமாகிறது. இதன் முனையை இருபுறமும் சரித்து, சுமார் 50 பாகைக் கூராக்கினால் போதும்.

கைப்பிடிக்கு நன்கு உலர்ந்த மரம் எதுவாயினும் சரி, 25 செ.மீ. நீளம் கைக்கு அடங்கும். முன்முனையில் செம்புக் குழாய்த்துண்டைப் பூணாக இறுக்கியபின் 8.5 மி.மீ. துளையிட்டு, எபாக்ஸி பசை நிரப்பிக் காம்பைச் செருகி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். பூண் இல்லாவிட்டால் பிடி பிளந்துவிடும்.

கடையும்போது டூல் ரெஸ்டை மரத்திலிருந்து சில மி.மீ. தூரத்துக்குள் வையுங்கள், 3 மி.மீ. தடிமனே உள்ள எஃகு அதிகமாக வெளியே நீண்டால் அதிர்ந்து, மரத்தில் வரிவரியாகத் தடம் விழும். சுரண்டும் உளியின் பிடியைச் சற்று உயர்த்தி, முனை கீழ்நோக்கியிருக்கப் பிடியுங்கள். மரத்துண்டைக் கோத்திருக்கும் மேண்ட்ரல் கம்பியில், அதன் இருபுறமும் பேனாவின் அளவைக் காட்டும் உலோக வளையங்களான புஷ்களை உளிமுனை தொட்டால் கூரும் போகும், பேனாவின் அளவும் மாறும். மரம் மெல்லிய இழையாக உரிந்தால் உளி சரியாக வெட்டுகிறது. வெறும் தூளாகக் கொட்டத் தொடங்கினால் லேத்தை நிறுத்திச் சாணையில் இரண்டு முறை இலேசாகத் தொட்டு, புதுப்பிசிறு எழுப்பிக்கொள்ளுங்கள்.