அரசு மானியத்தோடு சிறுதொழில் தொடங்க விண்ணப்பிப்பது எப்படி? ஒரு மரச்செக்கின் கணக்கோடு

"தொழில் தொடங்க கவர்ன்மென்ட்டில் பணம் தர்றாங்களாமே, எங்க எழுதிக் கொடுக்கணும்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மானியம் தனியாக வராது, வங்கிக் கடனோடு சேர்ந்துதான் வரும். கடன் இல்லை என்றால் மானியமும் இல்லை. இது தெரியாததால்தான் பலர் மாவட்டத் தொழில் மையத்துக்கு (சிறுதொழில்களுக்கு உதவும் மாவட்ட அரசு அலுவலகம்) நடையாய் நடந்துவிட்டு, கடைசியில் வங்கி வாசலில் திகைத்து நிற்கிறார்கள்.

என் பெரியம்மா மகள், அக்கா, விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமத்தில் மரச்செக்கு போட விண்ணப்பித்தபோது தாள்களை நான்தான் பார்த்துக்கொடுத்தேன். அதை வைத்தே விளக்குகிறேன்.

படி 1: எந்தத் திட்டம் என்று முடிவு செய்யுங்கள்

வாங்கி விற்கும் கடை வைப்பவர்களுக்கு மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. (வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) பொருந்தும், மானியம் 25 சதவீதம். படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் பெரிய அளவில் தொடங்குவதற்கு நீட்ஸ் என்ற மாநிலத் திட்டம் இருக்கிறது. பட்டியலின, பழங்குடியின மக்களுக்கு 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்தான் மிக நல்லது: 35 சதவீத மானியம், அதோடு வட்டியில் 6 சதவீதம் அரசே ஏற்கும். அந்தப் பிரிவினர் வேறு எதையும் பார்க்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு நாங்கள் எடுத்தது பி.எம்.இ.ஜி.பி., அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். இது ஒன்றிய அரசின் திட்டம் என்றாலும் நம் மாவட்டத் தொழில் மையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். சென்னைக்காரர்களுக்கு அந்த அலுவலகம் கிண்டியில், மண்டல இணை இயக்குநர் அலுவலகம் என்ற பெயரில் இருக்கிறது. புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான் தருவார்கள். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான். உற்பத்தித் தொழில் என்றால் 50 லட்சம், சேவைத் தொழில் என்றால் 20 லட்சம் வரைக்கும் திட்ட மதிப்பு போகலாம். 2022-இல் இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், மையத்துக்குப் போகும் அன்றே நடப்பு விவரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: உங்கள் பங்கு, அரசின் பங்கு, வங்கியின் பங்கு

பொதுப்பிரிவு ஆண் என்றால் நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம். சொந்தப் பணம் 10 சதவீதம் போட வேண்டும். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், ஓ.பி.சி., சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோர் சிறப்புப் பிரிவு. நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும்.

அக்காவின் திட்டம் 10 லட்சம். கையிலிருந்து 50,000. வங்கி தருவது 9.5 லட்சம். அதில் 3.5 லட்சம் பிற்பாடு மானியமாகக் கழியும். ஆக, வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியது 6 லட்சம்.

ஏன் 10 லட்சத்தோடு நிறுத்தினோம் என்று கேட்கலாம். உற்பத்தித் தொழிலில் அதைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம். அக்கா ஏழாவதோடு நின்றவர். இன்னொன்று, 10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டிய நிலை வரவே கூடாது என்பதில் பெரியம்மா உறுதியாக இருந்தார்.

படி 3: திட்ட அறிக்கை

இங்கே அவசரப்படாதீர்கள். ஜெராக்ஸ் கடைகளில் ஆயத்த அறிக்கை கிடைக்கும். பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். வங்கி மேலாளர் அப்படிப்பட்ட அறிக்கையைத் தினமும் பார்க்கிறவர். முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் கணக்கை நீங்களே ஒரு நோட்டில் எழுதுங்கள். நாங்கள் எழுதியது இப்படி: ஒரு தடவை செக்கில் போடுவது 15 கிலோ எள். கிடைப்பது கிட்டத்தட்ட 6 கிலோ எண்ணெய், 8 கிலோ புண்ணாக்கு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓட்ட முடியும், மின்சாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, எள்ளோடு சேர்த்து ஆட்டும் கருப்பட்டிக்கு எவ்வளவு, பாட்டிலுக்கு எவ்வளவு என்று வரி வரியாக எழுதினோம். எண்ணெயை மட்டும் வரவில் எழுதி, புண்ணாக்கை விட்டுவிட்டோம். மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் "புண்ணாக்கை நான் எடுத்துக்கிறேன், அதை ஏன் எழுதல?" என்று கேட்டார். அதைச் சேர்த்த பிறகுதான் லாபக் கணக்கு நேரானது.

நடைமுறை மூலதனத்தை, அதாவது சரக்கு வாங்கித் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணத்தை, குறைத்து எழுதாதீர்கள். செக்கு, மோட்டார், எண்ணெய் தெளிய வைக்கும் பாத்திரங்கள், தராசு, மும்முனை மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 6.5 லட்சம் ஆனது. மீதி 3.5 லட்சமும் எள் வாங்கத்தான். அறுவடை முடிந்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டைகள் வரும் நேரத்தில் வாங்கி வைத்தால்தான் கட்டுப்படியாகும். அந்த நேரத்தில் கையில் பணம் இல்லையென்றால், நல்ல செக்கு இருந்தும் வருடம் முழுக்க அதிக விலைக்கு எள் வாங்கி ஓட்ட வேண்டியிருக்கும்.

நிலம் வாங்கும் செலவைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. இயந்திரங்களுக்குக் கொட்டேஷன் (விலைப்புள்ளி) வேண்டும்; ஜி.எஸ்.டி. எண் அச்சிட்ட கொட்டேஷனாகக் கேட்டு வாங்குங்கள். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பதை வங்கி ஏற்காது.

படி 4: விண்ணப்பத்துக்கு முன் வங்கிக்குப் போங்கள்

படிவத்தில் எந்த வங்கிக் கிளை என்று நீங்கள்தான் குறிப்பிட வேண்டும். தொழில் நடக்கப்போகும் ஊர் எந்தக் கிளையின் எல்லைக்குள் வருகிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். மேலாளரை ஒருமுறை பார்த்து, நோட்டைக் காட்டிப் பேசுங்கள். அக்காவிடம் அவர் கேட்டவை மூன்றே கேள்விகள்: எள் எங்கிருந்து, எண்ணெய் யாருக்கு, மாதத் தவணை எவ்வளவு வரும் என்று தெரியுமா? 6 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 5 வருடத்தில் அடைப்பதாக வைத்தால் மாதம் சுமார் 13,000 ரூபாய். இதை அக்கா பார்க்காமலே சொன்னார். அதற்குப் பிறகு மேலாளர் பேசிய விதமே மாறிவிட்டது.

பழைய நகைக்கடன், குழுக் கடன் ஏதாவது பாக்கி இருந்தால் முன்பே தீர்த்துவிடுங்கள். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணில் அது தெரியும்.

படி 5: இணையத்தில் விண்ணப்பம்

கதர் கிராமத் தொழில்கள் ஆணையத்தின் பி.எம்.இ.ஜி.பி. தளத்தில் புதிய தொழிலுக்கான விண்ணப்பத்தைத் திறங்கள். பரிந்துரைக்கும் அமைப்பு என்ற இடத்தில் மாவட்டத் தொழில் மையத்தைத் தேர்ந்தெடுங்கள். புகைப்படம், கல்விச் சான்று, சாதிச் சான்று, கிராமப்பகுதிச் சான்று, திட்ட அறிக்கை ஆகியவற்றை ஏற்ற வேண்டும். ஓ.பி.சி. என்று விண்ணப்பிக்கும் ஆண்கள் கவனிக்கவும்: நம் மாநிலத்தின் பி.சி. சான்று வேறு, ஒன்றிய அரசுக்கான ஓ.பி.சி. சான்று வேறு. பெண் என்பதாலேயே சிறப்புப் பிரிவு என்பதால் அக்காவுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை.

வேறு சிக்கல் வந்தது. ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து, பாஸ்புக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து. மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. கல்யாணமான பெண்கள் இதை முதல் வேலையாகப் பாருங்கள்; ஆதார், பான், பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும்.

கடைசியாகச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்திய பிறகு நீங்களாகத் திருத்த முடியாது. அதற்கு முன் ஒரு பிரிண்ட் எடுத்து, வீட்டில் வேறொருவரை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் கட்டணம் ஒரு பைசாகூடக் கிடையாது. "உங்க மானியம் சாங்ஷன் ஆயிடுச்சு, புராசஸிங் கட்டணம் கட்டுங்க" என்று போன் வந்தால் அது மோசடி. நகையை அடகு வைத்து அப்படிக் கட்டிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். தயவுசெய்து யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். சந்தேகம் என்றால் பஸ் ஏறி மையத்துக்கே போய்க் கேளுங்கள்.

படி 6: வங்கி அனுமதி, பயிற்சி, பணம்

மையம் பரிசீலித்து வங்கிக்கு அனுப்பும். வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மையத்தில் முறையிட அதுதான் உதவும். அனுமதி வந்ததும் தொழில்முனைவோர் பயிற்சியை முடித்துவிடுங்கள். 2 லட்சம் வரையிலான திட்டத்துக்குப் பயிற்சி தேவையில்லை, 5 லட்சம் வரை 5 நாள், அதற்கு மேல் 10 நாள். அப்புறம் உங்கள் பங்கைக் கட்டியதும் வங்கி முதல் தவணையை விடுவிக்கும். மானியத்தையும் வங்கியே கேட்டு வாங்கும்.

படி 7: அந்த மூன்று வருடம்

வந்த மானியம் உங்கள் பெயரில் 3 வருட வைப்பாக வங்கியிலேயே கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது. அதே அளவு கடன் தொகைக்கும் உங்களிடம் வட்டி வாங்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடன் கணக்கு விவரத்தை வாங்கி, 3.5 லட்சத்தைக் கழித்துவிட்டுத்தான் வட்டி போட்டிருக்கிறார்களா என்று சரிபாருங்கள்.

தொழில் நடக்கும் இடத்தின் வாசலில் பி.எம்.இ.ஜி.பி. உதவியில் நடப்பது என்று பலகை வைக்க வேண்டும். ஆய்வுக்கு வருபவர்கள் அந்தப் பலகை, இயந்திரம், பில்கள், வேலை செய்பவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தொழிலை நடுவில் நிறுத்தினால் அந்த மானியம் உங்களுக்குக் கிடைக்காமல் போகும். அதனால் பில்களை ஆரம்பத்திலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அக்கா செக்கு வாங்கிய ரசீதிலிருந்து முதல் எள் மூட்டையின் சீட்டு வரைக்கும் பழைய சேலைப் பெட்டி ஒன்றில் அடுக்கி வைத்திருக்கிறார். மூன்று வருடம் முடியும் மாதத்தில் வங்கிக்கு ஒரு கடிதம் எழுதி, மானியத்தைக் கடனில் வரவு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.