பள்ளிக்குள் ஏஐ: தலைமை ஆசிரியர்களும் தாளாளர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்துப் பள்ளி வாசலில் ‘ஏஐ வகுப்பறை’ என்று பலகை வைத்துவிட்டது, நாமும் வைக்க வேண்டும். பல பள்ளிகளில் ஏஐ நுழைவது இப்படித்தான். எந்த வேலைக்கு என்று முடிவாகும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. எல்லாத் தவறுகளிலும் விலை கூடியது இதுதான்.

அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டமான லாஸ் ஏஞ்சலஸ், 2024 மார்ச்சில் ‘எட்’ என்ற சாட்பாட்டைத் தடபுடலாகத் தொடங்கியது. ஆல்ஹியர் என்ற நிறுவனத்தோடு 60 லட்சம் டாலர் வரையிலான ஒப்பந்தம். ஜூன் மாதமே அந்த நிறுவனம் நொடித்துப்போய், பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. சாட்பாட்டும் நின்றது. ஆகவே விற்க வருபவரிடம் டெமோ கேட்டால் மட்டும் போதாது. “நீங்கள் கடையை மூடினால் எங்கள் பிள்ளைகளின் தகவல் யார் கையில் இருக்கும்?” என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அந்தத் தகவல் வெளியே போக நிறுவனம்கூட வேண்டாம், ஆசிரியர் அறையே போதும். ரேங்க் கார்டில் ஆளுக்கு இரண்டு வரி எழுத வேண்டும். அவசரத்தில் வகுப்பின் எக்செல் கோப்பு அப்படியே ஓர் இலவசச் சாட்பாட்டுக்குள் போகிறது. அதில் மதிப்பெண் மட்டுமா இருக்கிறது? எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்), ஆதார், சாதி, அப்பாவின் செல்பேசி எண் எல்லாமே வரிசையாக இருக்கும். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதே பொது விதி. இத்தனைக்கும், பெயரையும் எண்களையும் அழித்துவிட்டு ஏற்றினாலும் அதே வேலை நடக்கும்!

அப்புறம், ‘இது ஏஐ எழுதியதா?’ என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் எழுதிய கட்டுரைகளை இப்படிப்பட்ட கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை ஏஐ எழுதியவை என்று வந்தன. நம் பிள்ளைகளின் ஆங்கிலமும் அதே வகைதானே: சின்னச் சின்ன வாக்கியம், பழகிய சொற்கள். கருவி காட்டும் சதவீதத்தை நம்பிப் பெற்றோரை வரவழைப்பது அநியாயம். மாணவனை எதிரே உட்காரவைத்து, எழுதியதை விளக்கச் சொன்னால் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வம்பே வேண்டாம் என்று ஒட்டுமொத்தமாகத் தடை போடலாமா? நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடிக்குத் தடை போட்டு, மே மாதமே எடுத்துவிட்டன.

இன்னொரு தவறு, கருவியைச் சோதிக்கக் கணினி ஆசிரியரை மட்டும் கூப்பிடுவது. இல்லாத குறளை எண்ணோடு சேர்த்துத் தைரியமாக எழுதிக் கொடுக்கும் சாட்பாட்டுகள் உண்டு. வாங்கும் முன் தமிழாசிரியரும் அரை மணி நேரம் அதோடு பேசிப் பார்க்கட்டும்.